வெட்கத்தில் வளரும் வருத்தம்

(நூற்றாண்டு விழாவையொட்டிப் பழைய மாணவிகள் சங்கம் நடத்திய சுகாதாரக் கருத்தரங்கில் இரு பழைய மாணவிகள் சேர்ந்து நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இந்தக் கருத்தரங்கில் பேசும்படி செயலாளர் கேட்டபோது தலைப்பை எங்களிடமே விட்டுவிட்டார். நீரிழிவு, இருதய நோய், மார்புப் புற்றுநோய் என்று ஏதாவது வரும் என எதிர்பார்த்திருப்பார். நாங்கள் மலச்சிக்கல் என்று எழுதி அனுப்பினோம். இரண்டு நாட்களாகப் பதில் இல்லை. பிறகு, "மேடையில் பிரதம விருந்தினரும் இருப்பார், பரவாயில்லையா?" என்று ஒரு செய்தி வந்தது. பரவாயில்லை என்றோம். அவருக்கும் வயிறு உண்டு.

நாங்கள் இருவரும் ஒரே வகுப்பில் பக்கத்துப் பக்கத்து மேசைகளில் இருந்து படித்தவர்கள். ஒருவர் இங்கே வைத்தியராக இருக்கிறார். மற்றவர் இலண்டனில் வீடு வீடாகச் சென்று முதியோரைப் பராமரிக்கும் தாதி. ஒருவர் பார்ப்பது ஆஸ்பத்திரிக்கு வருபவர்களை, மற்றவர் பார்ப்பது வர இயலாதவர்களை. ஆனால் இரண்டு இடங்களிலும் நாங்கள் காண்பது ஒன்றுதான். எமது பெண்கள் கால் உளைவைச் சொல்வார்கள், தலையிடியைச் சொல்வார்கள், நித்திரை வராததைச் சொல்வார்கள். எல்லாம் சொல்லி முடித்து, எழும்பி, கதவுப் பிடியில் கை வைத்த பிறகு திரும்பி, "இன்னொரு சின்ன விசயம் டொக்டர்" என்பார்கள். அந்தச் சின்ன விசயம் சில வேளை பதினைந்து வருடத்துக் கதையாக இருக்கும்.

இது சிலருக்கு மட்டும் உள்ள குறை அல்ல. பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் திரட்டி 2011இல் வெளியிட்ட கணக்கின்படி, வளர்ந்தவர்களில் 100 பேருக்கு ஏறத்தாழ 14 பேர் நாட்பட்ட மலச்சிக்கலால் அவதிப்படுகிறார்கள். ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு. இந்த மண்டபத்தில் எத்தனை கதிரைகள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தால் கணக்கு விளங்கும். கைகளை உயர்த்தச் சொல்லமாட்டோம், பயப்பட வேண்டாம்.

முதலில் எது மலச்சிக்கல், எது இல்லை என்பதைச் சொல்லவேண்டும். "எனக்கு நாளாந்தம் போவதில்லை" என்று கவலைப்படும் கனபேர் உண்மையில் சுகமாகவே இருக்கிறார்கள். ஒரு நாளில் மூன்று தடவை போவதும் வாரத்தில் மூன்று தடவை போவதும் இயல்பின் எல்லைக்குள்தான். எண்ணிக்கை மட்டும் நோயைக் காட்டாது. தினமும் போகிறவருக்கும் மலச்சிக்கல் இருக்கலாம். வைத்தியர்கள் பார்ப்பது இவற்றை: வாரத்தில் மூன்று தடவைக்குக் குறைவு, கட்டியாக, ஆட்டுப் புழுக்கை போல வருதல், நெடுநேரம் முக்கவேண்டி இருத்தல், போன பிறகும் முழுதாகப் போகவில்லை என்ற உணர்வு, வாசலில் ஏதோ அடைத்துக்கொண்டிருப்பது போன்ற உணர்வு, கையால் உதவி செய்தால்தான் வெளியேறும் என்ற நிலை. இவற்றில் இரண்டாவது மூன்று மாதங்களாகத் தொடர்ந்தால், அதுவும் ஆறு மாதங்களுக்கு முன்பே தொடங்கியிருந்தால், அதை நாட்பட்ட மலச்சிக்கல் என்கிறோம்.

மலத்தின் தோற்றத்தை ஏழு வகையாகப் பிரித்துப் படம் போட்ட ஓர் அட்டவணை இருக்கிறது. இங்கிலாந்தின் பிறிஸ்ரல் நகரில் உருவாகி 1997இல் வெளியானது. முதலாவது வகை தனித்தனிப் புழுக்கை, ஏழாவது வகை வெறும் தண்ணீர். மூன்றும் நான்கும் நல்லவை. வைத்தியரிடம் போகும்போது வர்ணிக்கக் கூச்சமாக இருந்தால் "முதலாம் வகை" என்று இலக்கத்தைச் சொன்னாலே போதும். கூச்சமுள்ளவர்களுக்காகவே செய்தது போன்ற அட்டவணை அது.

இனிக் குடலின் வேலையைக் கொஞ்சம் பார்ப்போம். எமது விலங்கியல் ரீச்சர் கரும்பலகையில் வரைந்த படம் பலருக்கு நினைவிருக்கலாம். சிறுகுடலில் இருந்து பெருங்குடலுக்குள் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒன்றரை லீற்றர் நீர்மம் வந்து சேருகிறது. பெருங்குடல் அதில் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொண்டு 100, 200 மில்லிலீற்றர் அளவையே மலத்தோடு வெளியே விடுகிறது. ஆகவே அது எவ்வளவு நேரம் உள்ளே தங்குகிறதோ அவ்வளவுக்கு உலரும். பெருங்குடல் நாள் முழுவதும் ஒரே வேகத்தில் இயங்குவதும் இல்லை. காலையில் நித்திரை விட்டு எழும்பியதும், உணவு உட்கொண்டதும், அது ஒருதரம் வலிமையாகச் சுருங்கி உள்ளே இருப்பதைக் கீழே தள்ளும். மலக்குடல் நிறைந்ததும் மூளைக்கு ஓர் அழைப்பு வரும். அந்த நேரத்தில் போனால் முக்கவே தேவையில்லை. போகாமல் அடக்கினால் அழைப்பு சில நிமிடங்களில் அடங்கிவிடும். மலம் அங்கேயே கிடந்து இன்னும் உலரும். அடுத்த அழைப்பு வருவதற்குள் கல்லாகிவிடும். இப்படி வருடக்கணக்கில் அடக்கினால் மலக்குடல் விரிந்து பழகி, அழைப்பே மெல்ல மங்கிப்போகும்.

அடக்குவதை நாம் எங்கே படித்தோம்? இங்கேதான்.

இதைக் குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை. எமது காலத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு மதிலோரத்தில் ஒரு வரிசை மலசலகூடங்கள். பாதிக் கதவுகளுக்குக் கொண்டி இல்லை. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே நின்று கதவைப் பிடிக்கவேண்டும். கிணற்றில் இருந்து வாளியில் தண்ணீர் கொண்டுபோக வேண்டும். இடைவேளையோ பதினைந்து நிமிடம். பாடம் நடக்கும்போது எழும்பி ரீச்சரிடம் கேட்கலாம், ஆனால் "ஒன்றுக்கோ இரண்டுக்கோ?" என்று முழு வகுப்பும் சிரிக்கும். ஆகவே காலை ஏழு மணிக்கு வீட்டை விட்டு வெளிக்கிட்டவர்கள் பின்னேரம் வீடு திரும்பும் வரை அடக்கினோம். தண்ணீர் குடிப்பதையும் குறைத்தோம். விடுதியில் இருந்தவர்களுக்கு விடியற்காலை வரிசை, குளியல், பிரார்த்தனை, மணி. பன்னிரண்டு வருடம் ஒரு பாடத்தைப் படித்தால் மறக்குமா?

பிறகு வாழ்க்கையும் அதையே படிப்பித்தது. 1995 இடப்பெயர்வில் வீதியோரத்திலும் பள்ளிக்கூட மண்டபங்களிலும் தங்கியவர்கள், பின்னர் முகாம்களில் இருந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். எத்தனை பெண்கள் இருட்டும் வரை காத்திருந்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். இன்று கொழும்புக்கு இரவு பஸ்ஸில் போகிறவர்கள் மத்தியானத்தோடு தண்ணீரை நிறுத்துகிறார்கள். ஆசிரியைகளாக இருப்பவர்கள் பாடசாலை மலசலகூடத்துக்குப் போவதே இல்லை. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் விடிய ஐந்து மணிக்கு வேலைக்கு ஓடுகிறவர்கள், காலைச் சாப்பாடும் இல்லாமல் காலை அழைப்பும் இல்லாமல் ஓடுகிறார்கள். மலச்சிக்கல் உள்ள பெண்ணைச் சோம்பேறி என்றும் கீரை சாப்பிடாதவள் என்றும் சொல்கிறோம். அவளுடைய உடம்பைப் பல வருடங்களாக இப்படிப் பழக்கியிருக்கிறோம் என்று யாரும் சொல்வதில்லை.

இந்த இடத்தில் ஒரு வேண்டுகோள். நூற்றாண்டுத் திட்டப் பட்டியலில் நுழைவாயில் வளைவு இருக்கிறது, மண்டபத்துக்கு ஒலியமைப்பு இருக்கிறது, நவீன வகுப்பறை இருக்கிறது. எல்லாம் நல்லவையே. மலசலகூடங்களைக் காணவில்லை. கட்டுவதற்குப் பணம் தர எமது கிளைகள் முன்வரும் என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. கட்டிய பிறகு தினமும் துப்புரவு செய்பவருக்கு மாதாமாதம் சம்பளம் யார் கொடுப்பது என்பதைத்தான் பட்டியலில் எழுதவேண்டும். உள்ளிருந்து பூட்டும் கொண்டி, குழாயில் தண்ணீர், மாதவிடாய்த் துணிகளைப் போட மூடியுள்ள வாளி, பாட நேரத்தில் கேட்காமலே போய்வரும் உரிமை. பெயர்ப்பலகை தேவையில்லை. தேவை என்றால் எங்கள் வகுப்பின் பெயரைப் போடுங்கள், நாங்கள் கோபிக்கமாட்டோம்.

சரி, வருத்தம் வந்துவிட்டது. என்ன செய்வது?

எடுத்தவுடன் எல்லாரும் சொல்வது நார்ப்பொருள். அது சரிதான், ஆனால் முழுச் சரியல்ல, அதற்குப் பிறகு வருவோம். உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட பரிந்துரையின்படி வளர்ந்த ஒருவருக்கு உணவில் இருந்து நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார் வேண்டும். காலையில் பாணும் சம்பலும், மத்தியானம் வெள்ளைச் சோறு, இரவு கோதுமைமாப் பிட்டு என்றால் பத்துக் கிராமை எட்டுவதே கடினம். எமது அம்மம்மாமாரின் குசினியில் இந்தப் பிரச்சினை இருக்கவில்லை. குரக்கன் மா 100 கிராமில் ஏறத்தாழ 11 கிராம் நார். அவித்த பயறு ஒரு கோப்பையில் 15 கிராம், அவித்த கடலையில் 12. காலையில் தேங்காய்ப்பூவோடு அவித்த பயறு சாப்பிட்டாலே பாதிக் கடன் தீர்ந்தது. சிவப்பரிசி, முருங்கையிலை வறை, வாழைப்பொத்தி, வல்லாரைச் சம்பல், தோலோடு கொய்யாப்பழம், ஒடியற்கூழ். வெளிநாட்டில் இவை கிடைக்காதவர்களுக்குப் பச்சைக் கிவிப்பழம் நாளுக்கு இரண்டு, அல்லது உலர்த்திய பிளம்ஸ் காலையிலும் மாலையிலும் ஐந்தாறு. இவை இரண்டும் ஆய்வுகளில் பலன் காட்டியவை. பேரீச்சம்பழத்தைத்தான் எல்லாரும் கொண்டுவந்து கொடுப்பார்கள். அதுவும் நல்லதே, ஆனால் நீரிழிவு உள்ளவர்கள் அளவைப் பாருங்கள்.

நாரை ஒரே நாளில் கூட்டவேண்டாம். வயிறு ஊதி, காற்றுப் பறிந்து, "இது எனக்கு ஒத்துவராது" என்று மூன்றாம் நாளே விட்டுவிடுவீர்கள். இரண்டு மூன்று வாரங்களில் மெல்ல மெல்லக் கூட்டவேண்டும். இசப்கோல் எடுப்பவர்கள் அதைக் கரைத்தவுடன் குடித்து, மேலே இன்னொரு கோப்பை தண்ணீரும் குடிக்கவேண்டும். தண்ணீர் இல்லாமல் எடுத்தால் அது தொண்டையிலோ குடலிலோ பசை போல அடைத்துவிடும். தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை: போதியளவு குடிப்பவர் மேலும் நாலு போத்தல் குடிப்பதால் மலம் இளகாது, சலம்தான் கூடும். குறைவாகக் குடிப்பவர்களுக்கே அது மருந்து. உடற்பயிற்சியும் அப்படித்தான், நடப்பது நல்லது, ஆனால் நடந்தும் சரிவராதவர்கள் தங்களை நொந்துகொள்ள வேண்டாம்.

உணவைவிட எளிதானது நேரம். காலையில் எழும்பியதும் சூடாக ஒரு கோப்பி அல்லது தேநீர், சின்னச் சாப்பாடு, பிறகு பத்து நிமிடம் யாரும் கதவைத் தட்டாத மலசலகூடம். வந்தால் வரட்டும், வராவிட்டால் எழும்புங்கள். கைத்தொலைபேசியை வெளியே வையுங்கள். அரை மணித்தியாலம் இருந்து முக்கினால் மூலமும் வெடிப்பும்தான் மிச்சம்.

இருக்கும் விதமும் முக்கியம். மலக்குடலைச் சுற்றி ஒரு தசை கவண் போல முன்னே இழுத்துப் பிடித்திருக்கிறது. நாம் நிற்கும்போது அது குடலை மடித்து வாசலைக் காக்கிறது. குந்தி இருக்கும்போது அந்த மடிப்பு நேராகிறது. கொமட்டில் கதிரையில் இருப்பது போல இருந்தால் பாதிதான் நேராகும். முழங்கால் வருத்தம் உள்ளவர்களைக் குந்தச் சொல்ல முடியாது. கால்களுக்குக் கீழே ஏழெட்டு அங்குல உயரத்தில் ஒரு சின்ன ஸ்டூலை வைத்து, முழங்கால் இடுப்பைவிட உயர்ந்திருக்க, முன்னே கொஞ்சம் குனிந்து, முழங்கைகளை முழங்காலில் ஊன்றி இருங்கள். வயது போனவர்கள் எழும்பும்போது அந்த ஸ்டூலில் தடக்கி விழாமல் பார்த்துக்கொள்ளவேண்டும்.

இப்போது நார் பற்றிய மிச்சக் கதை. சில பெண்கள் பழமும் கீரையும் பயறும் தின்று தின்று அலுத்துவிட்டார்கள். நாரைக் கூட்டக் கூட்ட வயிறு ஊதுகிறதே தவிர வெளியேறுவதில்லை. இவர்களுடைய சிக்கல் வாசலில். மலம் தள்ளப்படும்போது தளரவேண்டிய அந்தக் கவண் தசையும் ஆசனவாய்த் தசையும் தளராமல், மாறாக இறுகுகின்றன. ஒரு கையால் கதவைத் தள்ளிக்கொண்டு மறு கையால் பூட்டுவது போல. நெடுங்காலம் அடக்கிப் பழகியவர்களிலும் வெடிப்பு நோவுக்குப் பயந்து இறுக்கிப் பழகியவர்களிலும் இதைக் காண்கிறோம். இன்னும் சிலருக்குப் பிரசவத்துக்குப் பிறகு மலக்குடலின் முன்பக்கச் சுவர் பலவீனமாகி யோனிப் பக்கமாகப் பை போலத் தள்ளிவிடும். முக்கும்போது மலம் வெளியே வராமல் அந்தப் பைக்குள் போகும். அவர்கள் விரலால் யோனியின் பின்சுவரை அழுத்தினால்தான் வெளியேறும். இந்தச் சொற்களை இந்த மண்டபத்தில் சொல்வது எங்களுக்கும் எளிதல்ல. ஆனால் இப்படிச் செய்யும் பெண்கள் ஒவ்வொருவரும் உலகத்திலேயே தான் ஒருத்திதான் இப்படி அருவருப்பாகச் செய்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கணவனுக்கும் தெரியாது, மகளுக்கும் தெரியாது. அக்கா, நீங்கள் தனியாள் அல்ல. அது வைத்தியர் எழுதிக்கொள்ளவேண்டிய ஓர் அறிகுறி. அதைச் சொன்னால் வைத்தியம் வேறு பாதையில் போகும்: விரலால் ஒரு பரிசோதனை, தேவையானால் அழுத்தம் அளக்கும் சோதனை, பிறகு இடுப்புத்தளத் தசைகளைத் தளர்த்தப் பழக்கும் பயிற்சி. திரையில் தசையின் இயக்கத்தைப் பார்த்துப் பார்த்துப் பழகும் இந்தப் பயிற்சி பெரும்பாலானவர்களுக்குப் பலன் தருகிறது. சொல்லாவிட்டால், இன்னும் ஒரு பக்கற் இசப்கோல்தான் கிடைக்கும்.

மூன்றாவது, நாம் விழுங்கும் குளிசைகள். இலண்டனில் ஒரு வீட்டுக்குப் போனால் எங்களில் ஒருவர் முதலில் கேட்பது மருந்துப் பெட்டியைத்தான். இரும்புச் சத்துக் குளிசை, கல்சியக் குளிசை, கொடீன் கலந்த நோ மாத்திரை, ட்ராமடோல், நரம்பு நோவுக்குத் தரும் அமிற்றிப்டிலின், தடிமனுக்கும் சொறிக்கும் தரும் நித்திரை வரவைக்கும் குளிசை, அலுமினியம் கலந்த நெஞ்செரிவு மருந்து, இரத்த அழுத்தத்துக்கான வெரப்பமில், சலம் போக்கும் குளிசை. இவை ஒவ்வொன்றும் குடலை மந்தமாக்கலாம் அல்லது மலத்தை உலர்த்தலாம். ஒரு முதிய தாய்க்கு இவற்றில் நான்கு ஒன்றாக இருக்கும், மலச்சிக்கலுக்கு ஐந்தாவதாக ஒன்றும் இருக்கும். நீங்களாக எதையும் நிறுத்தவேண்டாம். பெட்டியோடு வைத்தியரிடம் கொண்டுபோய், "இவற்றில் எது குடலை இறுக்குகிறது, மாற்ற முடியுமா?" என்று கேளுங்கள். தைரொயிட் சுரப்புக் குறைவு, நீரிழிவு, இரத்தத்தில் கல்சியம் கூடுதல், பார்க்கின்சன் நோய் ஆகியவையும் காரணமாகலாம். பார்க்கின்சன் நோயில் கை நடுக்கம் தொடங்கப் பல வருடங்களுக்கு முன்பே மலச்சிக்கல் தொடங்குவதுண்டு.

மலமிளக்கிகளைப் பற்றி இரண்டு எதிர்மாறான பயங்கள் எம்மிடையே இருக்கின்றன. ஒன்று, குடலைக் கழுவாவிட்டால் நஞ்சு ஏறும் என்பது. சின்ன வயதில் பாடசாலை விடுமுறை விட்டதும் பேதிக்குக் கொடுத்த ஆமணக்கெண்ணெயின் மணம் இன்னும் மூக்கில் இருப்பவர்கள் இங்கே இருக்கிறீர்கள். இது எமது ஊரில் மட்டும் இருந்த நம்பிக்கை அல்ல. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டனில் ஆபத்நொட் லேன் என்ற புகழ்பெற்ற சத்திரசிகிச்சை நிபுணர், தேங்கிய மலம் உடம்பை நஞ்சாக்குகிறது என்று நம்பி நோயாளிகளின் பெருங்குடலையே வெட்டி எடுத்தார். அத்தோடு ஒப்பிட்டால் எமது பாட்டிமாரின் ஆமணக்கெண்ணெய் எவ்வளவோ மேல். ஆனால் பேதி குடித்தால் குடல் முழுதும் வெறுமையாகிவிடும். அது மீண்டும் நிறைய இரண்டு மூன்று நாளாகும். அந்த இரண்டு நாளும் போகாததைப் பார்த்து, மறுபடி இறுகிவிட்டது என்று மறுபடி பேதி குடிக்கிறார்கள். இந்தச் சுற்றில் அகப்பட்டவர்கள் கனபேர்.

மற்றப் பயம், ஒருமுறை தொடங்கினால் குடல் பழகிவிடும், பிறகு குளிசை இல்லாமல் போகவே போகாது என்பது. இந்தப் பயத்தால் தேவையானவர்களும் எடுக்காமல் துன்பப்படுகிறார்கள். நார் போதாதபோது அடுத்த படி, நீரைக் குடலுக்குள் பிடித்து வைக்கும் மருந்து. பொலிஎதிலீன் கிளைக்கோல் தூளுக்கு நல்ல சான்று உண்டு, நெடுநாள் எடுக்கலாம். லக்ருலோஸ் பாணியும் உதவும், பலன் தெரிய ஒன்றிரண்டு நாளாகும், காற்றுக் கூடும். மக்னீசியம் கலந்தவற்றைச் சிறுநீரக நோய் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் தொடக்கூடாது. அதற்கும் அடுத்தது குடலைத் தூண்டும் சென்னா, பைசாக்கோடில். இரவில் எடுத்தால் விடியப் பலன் தரும். பைசாக்கோடில் குளிசையைப் பாலோடு எடுக்கவேண்டாம், உடைக்கவும் வேண்டாம். அளவோடு எடுத்தால் இவை குடல் நரம்பைக் கெடுக்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. ஆனால் நாட்கணக்கில் தேவைப்படுகிறது என்றால், ஏன் தேவைப்படுகிறது என்று ஒருவர் பார்க்கவேண்டும். "மூலிகைதானே" என்று சொல்லி விற்கும் தூள்கள் பலவற்றில் இருப்பதும் அதே சென்னாதான். நாம் நிலவாகை என்று சொல்வது அதுவே.

எந்த நிலையில் வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டு உடனே போகவேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். மலத்தில் இரத்தம், கறுப்பாகப் போதல், காரணமின்றி மெலிதல், இரத்தச்சோகை, ஐம்பது வயதுக்குப் பிறகு புதிதாகத் தொடங்கிய மலச்சிக்கல், குடும்பத்தில் குடற்புற்றுநோய். இவற்றுக்கு வைத்தியரைப் பார்க்க வாரக்கணக்கில் பொறுக்கவேண்டாம். வயிறு ஊதி, சத்தியும் எடுத்து, காற்றும் பறியாவிட்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. இரத்தத்தைக் கண்டதும் "மூலம்தான்" என்று நாமே தீர்ப்பு எழுதுவதுதான் ஆபத்து. பெரும்பாலும் மூலமாகத்தான் இருக்கும், ஆனால் பார்த்த பிறகுதான் அப்படிச் சொல்லலாம்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஒன்று. இங்கிலாந்தில் 50 முதல் 74 வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மலப் பரிசோதனைக்கான உறை வீட்டுக்கு வரும். ஒன்ராறியோவிலும் அதே வயதினருக்கு அதே இடைவெளியில் உண்டு. அவுஸ்திரேலியாவில் 50 முதல் 74 வரை தபாலில் வரும், 45 வயதில் இருந்தே கேட்டுப் பெறலாம். கண்ணுக்குத் தெரியாத இரத்தத்தைத் தேடும் சோதனை அது. எமது அம்மாமாரின் லாச்சிகளில் அந்த உறைகள் உடைக்கப்படாமல் கிடக்கின்றன. "அரியண்டம், ஆர் இதை எடுத்துத் தபாலில போடுறது" என்பார்கள். பிள்ளைகள் பக்கத்தில் இருந்து செய்வியுங்கள். இங்கே அப்படி உறை வருவதில்லை, ஆகவே அறிகுறி கண்டதும் போவது இன்னும் அவசியம்.

கேள்வி நேரத்தில் கையை உயர்த்த வேண்டாம், துண்டுக் கடதாசியில் பெயரில்லாமல் எழுதி அனுப்புங்கள் என்றோம். நாற்பதுக்கு மேல் வந்தன. எல்லாவற்றுக்கும் நேரம் போதவில்லை. சிலவற்றை மலருக்காக இங்கே சேர்த்திருக்கிறோம்.

ஒருவர் எழுதியிருந்தார்: அம்மாவுக்கு 84 வயது. ஒரு வாரமாகப் போகவில்லை, இப்போது தண்ணியாகப் படுக்கையிலேயே போகிறது, வயிற்றோட்டத்தை நிறுத்தும் குளிசை கொடுக்கலாமா? தயவுசெய்து கொடுக்கவேண்டாம். இது வயிற்றோட்டம் அல்ல. மலக்குடலில் கல்லாக அடைத்திருப்பதைச் சுற்றி மேலேயுள்ள நீர்மலம் கசிகிறது. நிறுத்தும் குளிசை அடைப்பை இன்னும் இறுக்கும். இன்றைக்கே தாதியையோ வைத்தியரையோ கொண்டு பார்ப்பியுங்கள். விரலால் சோதித்தால் தெரிந்துவிடும். வயதானவர்கள் திடீரெனத் தடுமாறிக் கதைப்பதற்கும் சலம் அடைத்துக்கொள்வதற்கும்கூட இந்த அடைப்புக் காரணமாவதுண்டு.

இன்னொருவர்: பிள்ளை வயிற்றில் ஆறு மாதம், இரும்புக் குளிசையை நிறுத்தலாமா? நிறுத்தவேண்டாம். கர்ப்பத்தில் சுரக்கும் ஓமோன் குடலை மந்தமாக்கும், இரும்பு அதைக் கூட்டும். கிளினிக்கில் சொல்லுங்கள், இரும்பின் வகையையோ எடுக்கும் முறையையோ மாற்றித் தருவார்கள். இசப்கோலும் லக்ருலோஸும் கர்ப்பத்தில் எடுக்கக்கூடியவை. ஆமணக்கெண்ணெய் வேண்டாம்.

ஒரு துண்டில் ஒரே வரி: "மாமியார் வீட்டில் ஒரு மலசலகூடம், எட்டுப் பேர்." இதற்கு மருந்து எழுத முடியாது. காலை அழைப்பு தவறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகும் ஒன்று வரும், பலவீனமாக. வீடு அடங்கியிருக்கும் அந்த நேரத்தை உங்களுடையதாக்கிப் பழகுங்கள். இரண்டு மூன்று வாரம் தொடர்ந்தால் குடல் நேரம் மாறிப் பழகும்.

கடைசித் துண்டில் எழுத்து நடுங்கியிருந்தது, வயது போன ஒருவராக இருக்கவேண்டும். எங்கள் ஊரில் இருப்பவர் ஆண் வைத்தியர், மகனின் வயது, எப்படிச் சொல்வது என்று கேட்டிருந்தார். அம்மா, சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் இருந்தே ஒரு கடதாசியில் எழுதிக்கொண்டு போங்கள்: எத்தனை நாளுக்கு ஒருமுறை, அட்டவணையில் எத்தனையாம் வகை, எப்போது தொடங்கியது, இரத்தம் உண்டா, கையால் உதவி செய்யவேண்டி இருக்கிறதா, என்னென்ன குளிசை எடுக்கிறீர்கள். பெண் தாதி ஒருவர் கூட நிற்கவேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை, எந்த வைத்தியரும் அதற்குக் கோபிக்கமாட்டார். உள்ளே போய் இருந்ததும், கால் உளைவைப் பற்றிக் கதைக்கத் தொடங்க முதல், அந்தக் கடதாசியை மேசையில் வைத்துவிடுங்கள்.